டாடா ப்ளே இருக்கும் வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் மாட்டினால் இரண்டையும் ஒரே கேபிளில் டிவிக்குக் கொண்டுவர முடியுமா?

கேட்டவர் சென்னைக்காரர். வீட்டில் டாடா ப்ளே ஓடுகிறது. இந்தியா ஆடும் கிரிக்கெட் மேட்ச்சுகளுக்காக டிடி ஃப்ரீ டிஷ்ஷும் வேண்டும். கடைக்காரர் டைசெக் ஸ்விட்ச் ஒன்று வாங்கி இரண்டு டிஷ்ஷையும் சேர்த்துவிடச் சொல்கிறாராம். அது சரிவருமா என்பது கேள்வி.

வராது. அந்த ஸ்விட்ச்சை வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு வேண்டியது இன்னொரு கேபிள்தான். பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இதே வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை தப்பாகச் செய்துவிட்டு, மறுமுறை சரிசெய்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கிரிக்கெட் விஷயம், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஆரம்பம் அதுதான். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தியா ஆடினால் பார்த்தே ஆகவேண்டும். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்துகொண்ட ஒளிபரப்பை தூர்தர்ஷன் தன்னுடைய தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிள், டிடிஹெச் வழியாகப் போகக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதனால்தான் உங்கள் டாடா ப்ளேயில் டிடி ஸ்போர்ட்ஸ் இருந்தும் மேட்ச் நேரத்தில் வேறு நிகழ்ச்சி ஓடுகிறது. பாக்ஸில் கோளாறு இல்லை. ஃப்ரீ டிஷ் இருந்தால் மாதக் கட்டணம் இல்லாமல் அந்த மேட்ச் கிடைக்கும். ஐ.பி.எல். இந்தப் பட்டியலில் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சேப்பாக்கம் மேட்ச்சை நினைத்து டிஷ் மாட்டி ஏமாறவேண்டாம்.

இனி ஸ்விட்ச். டைசெக் என்பது ஒரு பாக்ஸ், பல டிஷ் இருக்கும் வீட்டுக்கானது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையின் நுனியில் சிக்னலை வாங்கும் சின்னக் கருவிதான் எல்என்பி. மாடியில் இரண்டு எல்என்பியிலிருந்தும் வரும் வயர் அந்த ஸ்விட்ச்சில் சேரும், அங்கிருந்து ஒரே கேபிள் கீழே இறங்கும். நீங்கள் சேனல் மாற்றும்போது பாக்ஸ் அந்தக் கேபிள் வழியாகவே மேலே ஒரு கட்டளை அனுப்பும்: இப்போது முதல் டிஷ்ஷைக் கொடு, இப்போது இரண்டாவதைக் கொடு என்று. ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். எந்தச் சாட்டிலைட்டையும் பிடித்துப் பூட்டில்லாத இலவச சேனல்களைக் காட்டும் ஃப்ரீ டு ஏர் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அருமையான சாமான். வானத்தில் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் சாட்டிலைட்டுக்கு ஒரு சின்ன டிஷ், 66 டிகிரியில் நிற்பதற்கு ஒரு பெரிய டிஷ் என்று வைத்து ஒரே ரிமோட்டில் மாற்றிக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி இல்லை. டாடா ப்ளே பாக்ஸ் அதன் கார்டுக்குப் பணம் கட்டிய சேனல்களை மட்டும் காட்டும், ஃப்ரீ டிஷ்ஷைத் தொடாது. ஃப்ரீ டிஷ் பாக்ஸால் டாடா ப்ளேயின் பூட்டைத் திறக்க முடியாது. ஆக எப்படியும் இரண்டு பாக்ஸ். மேலே இருக்கும் ஒரு ஸ்விட்ச்சுக்குக் கீழேயிருந்து இரண்டு பாக்ஸ் கட்டளை போட முடியாது.

அப்படியானால் ஸ்விட்ச் இல்லாமல், கேபிளைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் சாதாரண ஸ்ப்ளிட்டரை மேலே ஒன்று, கீழே ஒன்று போட்டு ஒரே கேபிளில் விட்டால் என்ன? எங்கள் வீட்டில் முதலில் வந்தவர் அதைத்தான் செய்தார். அன்று மாலையே பாதி சேனல் போய்விட்டது. சாயங்காலத் தொடருக்கு உட்கார்ந்த அம்மாவுக்குக் கறுப்புத் திரை. அப்பா பக்கம் படம் வந்து வந்து உறைந்தது. காரணம் எளிது, அன்று எனக்குத்தான் தெரியவில்லை. எல்என்பி வானத்திலிருந்து வரும் உயர் அலைவரிசையை இறக்கி 950-இலிருந்து 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் கேபிளில் அனுப்புகிறது. இரண்டு எல்என்பியும் அதே இடைவெளிக்குள்தான் அனுப்பும். ஒரே குழாயில் இரண்டு வீட்டுத் தண்ணீரை விட்டுவிட்டு, கீழே வந்ததும் தனித்தனியாகப் பிடி என்றால் எப்படி? போதாததற்கு, சாட்டிலைட் அலைகள் செங்குத்து (வெர்ட்டிகல்), கிடை (ஹாரிசான்டல்) என்று இரண்டு வாக்கில் வரும். வெர்ட்டிகல் சேனல் வேண்டுமென்றால் பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பும், ஹாரிசான்டல் வேண்டுமென்றால் 18. அம்மாவின் பாக்ஸ் 18 கேட்டுக்கொண்டிருக்கும்போது அப்பாவின் பாக்ஸ் 13 கேட்டால் 18-தான் ஜெயிக்கும். அப்பாவின் சேனல் காணாமல் போகும்.

எனவே வழி இது: இரண்டு டிஷ், இரண்டு கேபிள், இரண்டு பாக்ஸ், டிவியில் இரண்டு ஹெச்டிஎம்ஐ. ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஃப்ரீ டிஷ் பாக்ஸ் மலிவானதாக இருந்து ஹெச்டிஎம்ஐ இல்லையென்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயர் போதும். பாக்ஸ் வாங்கும் முன் டிவியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ஆன்டெனா சாக்கெட்டுக்குப் பக்கத்தில் மரையுள்ள இன்னொரு சாக்கெட் இருந்து, மெனுவில் சாட்டிலைட் என்று வந்தால், அந்த டிவிக்குள்ளேயே ட்யூனர் இருக்கிறது. ஃப்ரீ டிஷ் கேபிளை நேராக அங்கேயே மாட்டி இலவச சேனல்களைத் தேடிக்கொள்ளலாம், ஒரு பாக்ஸ் மிச்சம்.

சுவருக்குள் ஒரே பைப்தான், இன்னொரு கேபிள் எப்படி என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அதே நிலைமைதான். பழைய கேபிளையே இழுவைக் கயிறாக்கினோம். மேல்முனையில் இரண்டு புதுக் கேபிள்களை ஒன்றுக்கு ஒன்று நாலு விரற்கடை முன்பின்னாக வைத்து, இன்சுலேஷன் டேப்பை வழுவழுவென்று கூம்பாகச் சுற்றி, அதன்மேல் முகப் பவுடரைத் தாராளமாகக் கொட்டினோம். கீழ்வீட்டுத் தம்பி ஹாலில் இழுக்க, நான் மாடியில் தள்ள. வளைவில் ஒரு இடத்தில் சிக்கியது. "அக்கா, கொஞ்சம் மேலே வாங்கிட்டு மறுபடி விடுங்க" என்றான். இரண்டு முறை பின்வாங்கி விட்டதும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. இரண்டும் ஆர்ஜி 6 கேபிள், ரிச்சி தெருவில் வாங்கியது. அங்கே கேட்கும்போது நடுக்கம்பி முழுச் செம்பா, செம்பு முலாம் பூசிய இரும்பா என்று கேட்டு வாங்குங்கள். இங்கே உப்புக்காற்று, முலாம் போன இடத்தில் துரு ஏறிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

டிஷ் எங்கே வைப்பது? ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட் 15-இலிருந்து. 2015 நவம்பரில் ஏவியது. சென்னையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், திசைகாட்டியில் 134 டிகிரி அளவில், தரையிலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. உங்கள் டாடா ப்ளேயின் ஜிசாட் 10-உம் ஜிசாட் 24-உம் 83 டிகிரியில். நமக்கு அது ஏறத்தாழ தெற்கு, திசைகாட்டியில் 168, உயரம் 74. இரண்டுமே கிட்டத்தட்ட தலைக்கு மேல். நெருக்கமாக வீடு கட்டிய தெருக்காரர்களுக்கு இது பெரிய வரம். 68 டிகிரிக்கு, எதிரே இருப்பது டிஷ்ஷைவிட எவ்வளவு உயரமோ அதில் ஐந்தில் இரண்டு பங்கு தூரம் தள்ளியிருந்தால் போதும். பத்து அடி உயர வாட்டர் டேங்க் என்றால் நாலடி தள்ளி வைக்கலாம், கொஞ்சம் கூட்டி ஐந்தடி வையுங்கள். வானம் மேகமாக இருந்தாலும் பரவாயில்லை, தென்னை ஓலை குறுக்கே வரக்கூடாது.

கோணத்தைப் பார்த்துத் தட்டை நேர் மேலே மல்லாத்திவிடாதீர்கள். நம் வீட்டு டிஷ் எல்லாம் ஆஃப்செட் வகை. எல்என்பி கை கீழிருந்து நீண்டிருப்பதால், தட்டு பார்ப்பதாகத் தெரியும் இடத்தைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே உண்மையில் பார்க்கிறது. பாதி சாய்ந்த நிலையில் இருந்தாலே 68 வந்துவிடும்.

ஆனால் இந்த வேலையில் பெரும்பாலும் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். எல்என்பியைத் தன் கிளாம்புக்குள் திருப்பி வைக்கவேண்டும், அதை ஸ்கியூ என்பார்கள். டாடா ப்ளே டிஷ்ஷில் அந்தத் திருப்பம் பன்னிரண்டு டிகிரி அளவுதான், நேராக வைத்தாலும் ஓடிவிடும். அதைப் பார்த்தே ஃப்ரீ டிஷ் எல்என்பியையும் நேராக மாட்டிவிடுகிறார்கள். 93.5-க்குச் சென்னையில் வேண்டிய திருப்பம் சுமார் 45 டிகிரி. நேராக வைத்தால் வெர்ட்டிகலுக்கும் ஹாரிசான்டலுக்கும் சரியாக நடுவில் நின்று இரண்டையும் கலந்து வாங்கும். எங்கள் வீட்டில் முதல் முறை இதுதான் நடந்தது. பாக்ஸின் சிக்னல் மெனுவில் தெரியும் இரண்டு பட்டைகளில் ஸ்ட்ரெங்த் எண்பதைத் தாண்டியது, குவாலிட்டி முப்பதுக்கு மேல் ஏறவில்லை. டிஷ்ஷை ஆட்டி ஆட்டி அரை நாள் போனது.

மறுமுறை டிஷ்ஷைத் தொடாமல் எல்என்பி கிளாம்பை மட்டும் தளர்த்தினேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். கீழே அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு நகக்கீறல் அளவு திருப்பிவிட்டு நான் கையை எடுத்துக் காத்திருக்க வேண்டும், பட்டை நகர இரண்டு மூன்று விநாடி ஆகும். "நாப்பது... நாப்பத்தெட்டு... அம்பத்தாறு... இரும்மா, இரும்மா, ஆட்டாதே." இன்னும் கொஞ்சம் திருப்பியதும் குறைய ஆரம்பித்தது, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். "அறுபத்தஞ்சு. அப்படியே முடுக்கிடு." திருப்ப வேண்டிய பக்கம்: டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று அது பார்க்கும் வானத்தை நீங்களும் பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. மறுபக்கம் 45 திருப்பினால் வெர்ட்டிகலும் ஹாரிசான்டலும் இடம் மாறிவிடும். சிக்னல் இருப்பதுபோலவே இருக்கும், சேனல் ஒன்றும் வராது.

பழைய டிஷ்ஷிலேயே பக்கத்தில் இன்னொரு எல்என்பி கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். முடியும். 83-க்கான எல்என்பிக்கு மேற்குப் பக்கம், கொஞ்சம் மேலே தள்ளிக் கட்டவேண்டும், கண்ணாடியில் போல எதிர்ப்பக்கமாக. ஆனால் நடுவிலிருந்து விலக விலக சிக்னல் குறையும். சின்னத் தட்டில் அப்படிக் கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தாங்குவதற்கு மிச்சம் வைக்காது. தனி டிஷ் வாங்குங்கள்.

மாட்டும் இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஓடு பதித்த மொட்டை மாடித் தளத்தில் துளை போடவே போடாதீர்கள். அடுத்த மழைக்கே கீழ் அறையின் கூரையில் ஈரம் தெரியும். நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரிலும் ஆங்கர் போல்ட் நிற்காது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று எங்கள் பழைய டிஷ் போல்ட்டோடு, செங்கல்லோடு பெயர்ந்து போய்ப் படிக்கட்டில் கிடந்தது. யார்மேலும் விழாதது தெய்வாதீனம். இப்போது கான்கிரீட் தூணில் அடித்திருக்கிறோம். தூண் இல்லையென்றால் கான்கிரீட் பலகை வார்த்து, அதில் கம்பத்தை நட்டுத் தளத்தின் மேல் வையுங்கள். அபார்ட்மென்ட் என்றால் சங்கத்தில் சொல்லிவிட்டே ஏறுங்கள்.

மழை கொட்டும்போது இரண்டு டிஷ்ஷிலும் படம் போகும், இந்த டிஷ்கள் பிடிக்கும் கேயூ பேண்ட் அலைவரிசையின் இயல்பு அது. அந்த நேரத்தில் மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், மழை விட்டதும் தானே வரும். வெயில் அடித்த பிறகும் வராவிட்டால் எல்என்பி முனையில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பாக்ஸை ஆஃப் செய்துவிட்டுத்தான் கழற்றவேண்டும். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். வலைக்கம்பியில் ஒரு மயிரிழை கூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது, தொட்டால் எல்என்பிக்குப் போகும் வோல்ட் ஷார்ட் ஆகிவிடும். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மாட்டியதும் கேபிளைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டுக் கட்டுங்கள், தண்ணீர் கனெக்டருக்குள் போகாமல் அந்த வளையத்தின் அடியிலிருந்து சொட்டிவிடும்.