நேர்சிங் ஓஃபர் வராத ஏப்ரல்

தங்கச்சி,

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். இலங்கையிலிருந்து குடும்பமாகக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிற ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஜனவரியில் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு நேர்சிங் கேட்டுப் போட்டிருக்கிறாள். கூடப் படிக்கிற சில பிள்ளைகளுக்கு ஓஃபர், அதாவது இடம் தருகிறோம் என்ற அறிவித்தல், வந்துவிட்டது, இவளுக்கு ஏப்ரல் பாதி போயும் ஒரு சத்தமும் இல்லை. கொலீஜ் ஒன்றில் மட்டும் பிராக்டிக்கல் நேர்சிங்குக்கு இடம் தந்திருக்கிறார்கள். அதை எடுத்தால் பிள்ளை "சின்ன நேர்ஸ்" ஆகிவிடுவாள் என்று உங்கள் மைத்துனர் சொல்கிறார். நீங்களே பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்துக் கேட்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலீஜ் இடத்தை மே 1க்கு முன்னம் உறுதிசெய்யச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கைவிட வேண்டாம். இஞ்ச கொலீஜ் விண்ணப்பம் ஒரு தளம், பல்கலைக்கழக விண்ணப்பம் இன்னொரு தளம். ஒன்றில் "கன்ஃபேர்ம்" என்று அழுத்துவதால் மற்றதில் இருக்கிற விண்ணப்பம் கழிந்து போகாது. அழுத்துவதற்குக் காசும் இல்லை. கொலீஜ்கள் பணம் கட்டச் சொல்வது பொதுவாக ஜூன் நடுப்பகுதியில்தான், அதற்குள் பல்கலைக்கழகங்களின் முடிவு எல்லாம் வந்துவிடும். மே 1 கடந்தால் அந்த இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். பயப்பட வேண்டிய திகதி அது ஒன்றுதான்.

நீங்கள் இவ்வளவு கலங்குவது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. எங்களுக்குப் பழக்கம் இலங்கையின் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முறை. ஒரு இசட் புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, ஒரே நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வராதவருக்கு வராததுதான். ஒன்ராறியோவில் அப்படி ஒரு நாள் கிடையாது. ஜனவரி நடுப்பகுதியில் விண்ணப்பம் முடிகிறது. பதினோராம் வகுப்பு மார்க்கும் முதல் செமஸ்டர் மார்க்கும் மிக நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்குக் குளிர்காலத்திலேயே ஓஃபர் போய்விடும். மற்றவர்களின் ஃபைலை வைத்திருந்து, இரண்டாம் செமஸ்டர் நடுத்தவணை மார்க்கைப் பள்ளிக்கூடம் ஏப்ரலில் அனுப்பிய பிறகுதான் திரும்ப எடுப்பார்கள். மே கடைசி வரை முடிவு வந்துகொண்டே இருக்கும். உங்கள் மகள் உயிரியலையோ இரசாயனவியலையோ இந்த செமஸ்டரில்தான் செய்கிறாள் என்றால், அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது அந்த மார்க்கையாகத்தான் இருக்கும். ஆகவே இப்போது அவள் அழவேண்டியதில்லை, இரசாயனவியல் படிக்க வேண்டும்.

சத்தம் இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக வந்த குடும்பங்கள் இதில்தான் கூடுதலாக மாட்டுப்படுகின்றன. விண்ணப்பம் போட்ட பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பிள்ளைக்குத் தனித்தனி இலக்கம் கொடுத்து, தன் தளத்தில் கணக்குத் திறக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பும். பிள்ளைகள் அதை விளம்பரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், அல்லது அது ஜங்க் பெட்டிக்குள் கிடக்கும். அந்தக் கணக்குக்குள் போனால் "செக்லிஸ்ட்" என்று ஒரு பக்கம் இருக்கும். இன்று இரவே மகளோடு இருந்து, நான்கு பல்கலைக்கழகத்திலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கிலத் தகைமைக்கு எதிரே "கிடைக்கவில்லை" என்ற மாதிரி ஏதாவது நிற்கிறதா?

அவள் பன்னிரண்டாம் வகுப்புப் பல்கலைக்கழக ஆங்கிலத்தில் 85 எடுத்திருந்தாலும், கனடாவில் படித்த காலம் மூன்று நான்கு வருடத்துக்குக் குறைவென்றால் ஐஎல்ட்ஸ் அல்லது டோஃபல் என்ற ஆங்கிலப் பரீட்சை கேட்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. எத்தனை வருடம், எத்தனை புள்ளி என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பரீட்சை முடிவுத் தாள் போய்ச் சேரும்வரை ஃபைலைத் திறந்தே பார்க்காத இடங்களும் உண்டு. கேட்டிருந்தால் உடனே பரீட்சைக்குத் திகதி எடுங்கள். பரீட்சை முடிவு கடைசித் திகதியைத் தாண்டி வரும்போலத் தெரிந்தால், பிள்ளை அனுமதிப் பிரிவுக்கு எழுதித் தவணை கேட்கலாம். பள்ளிக்கூட கைடன்ஸ் ரீச்சர் இதையெல்லாம் தானாகவே பார்ப்பார் என்று இருந்துவிடாதீர்கள், அவருக்குக் கீழே நூற்றுக்கணக்கான பிள்ளைகள்.

நேர்சிங்குக்கு ஏன் இவ்வளவு அடிபாடு என்றும் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரிகளில் நேர்ஸ் பற்றாக்குறை, பிறகேன் பிள்ளைகளை எடுக்கிறார்கள் இல்லை என்ற உங்கள் கேள்வி நியாயம்தான். வகுப்பறைக் கதிரை கூட்டலாம். ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பயிற்றுநருக்குக் கீழே ஏழெட்டு மாணவருக்கு மேல் விட ஏலாது. நோயாளி சம்பந்தப்பட்ட விடயம். அந்த வார்டு இடங்களின் எண்ணிக்கைதான் அனுமதியின் எண்ணிக்கையையும் இழுத்துப் பிடிக்கிறது.

இனி மைத்துனரின் கதைக்கு வருகிறேன். ஒன்ராறியோவில் ஆர்.என். (ரெஜிஸ்டேர்ட் நேர்ஸ்), ஆர்.பி.என். (ரெஜிஸ்டேர்ட் பிராக்டிக்கல் நேர்ஸ்) என்று இரண்டு வகை நேர்ஸ். 2005 ஜனவரியிலிருந்து ஆர்.என். ஆகப் பதிவதற்கு நேர்சிங் பட்டம் வேண்டும், பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போனால் அது பொதுவாக நான்கு வருடம், முடித்து என்கிளெக்ஸ் என்ற பரீட்சை எழுத வேண்டும். ஆர்.பி.என். ஆவதற்கு, மகளுக்கு இடம் கிடைத்த பிராக்டிக்கல் நேர்சிங் போல, கொலீஜில் இரண்டு வருட டிப்ளோமா, 2022இலிருந்து அதற்கு றெக்ஸ்-பிஎன் என்ற பரீட்சை. இரண்டு பேரையும் பதிவது ஒரே சபை, ஒன்ராறியோ நேர்சஸ் கொலீஜ் (பெயரில் கொலீஜ் என்றாலும் அது படிக்கிற இடமல்ல). வித்தியாசம் இல்லை என்று நான் பூசி மெழுக மாட்டேன். சம்பளம் வேறு. நிலைமை நொடிக்கு நொடி மாறுகிற நோயாளிகளை, குறிப்பாக ஐசியூவில், ஆர்.என். தான் பார்ப்பார். ஆனால் ஆர்.பி.என். ஆவதோடு வழி அடைபட்டுப் போவதில்லை. பிரிட்ஜிங் என்று, ஆர்.பி.என். ஆக இருப்பவர் ஆர்.என். ஆவதற்கான படிப்பு ஒன்று இருக்கிறது. ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நிப்பிசிங் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பெரும்பாலும் இணையவழியில் படிக்கலாம். நானும் அந்த வழியால் வந்தவள்தான். முதியோர் இல்லத்தில் ஆர்.பி.என். ஆக மருந்து வண்டி தள்ளிக்கொண்டு படித்து முடித்து, இப்போது ஆஸ்பத்திரியில் ஆர்.என். அந்த இல்லத்தில் கற்ற பொறுமைதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. மைத்துனருக்கு நாரி பிடித்து ஒருநாள் எமேர்ஜென்சியில் படுத்தால், ஊசி போட வருகிறவரின் பெயர்ப் பட்டையில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. பட்டம் என்றாலே பல்கலைக்கழகம்தான் என்றிருந்த காலம் போய்விட்டது. கொலீஜ்களும் தனியாக நேர்சிங் பட்டம் நடத்தலாம் என்று மாகாண அரசு 2020இல் அறிவித்தது. ஹம்பர், செனிக்கா, ஜோர்ஜ் பிரவுண் போன்ற இடங்களில் இப்போது அந்த நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் கொலீஜ் தளத்தால் போகும். பெப்ரவரி 1க்குள் போட்டவர்களைத்தான் சமமாக வைத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு இடம் இருந்தால் முந்தி வந்தவருக்கு. இப்போது போய்ப் பார்த்தால் நேர்சிங்குக்கு எதிரே பெரும்பாலும் "வெயிட்லிஸ்ட்" அல்லது "குளோஸ்ட்" என்றுதான் நிற்கும், ஆனாலும் ஒருமுறை பாருங்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு ஏன் போடவில்லை என்று யாராவது கேட்டு உங்களைக் குழப்பினால், அது பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போகிற இடமல்ல, ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கான இரண்டு வருடப் படிப்பு என்று சொல்லிவிடுங்கள்.

நான்கில் ஒன்று சட்பரியில் என்று எழுதியிருந்தீர்கள், கிடைத்தாலும் அனுப்ப மாட்டோம் என்றும் எழுதியிருந்தீர்கள். சட்பரி வட ஒன்ராறியோவில் என்றாலும் இஞ்ச இருந்து நானூறு கிலோமீற்றர்தான், தண்டர் பே மாதிரி ஆயிரத்து நானூறு இல்லை. அந்தப் பக்கம் படிக்கிற நேர்சிங் பிள்ளைகளுக்கு 2023இலிருந்து "லேர்ன் அண்ட் ஸ்டே" என்று மாகாண அரசின் மானியம் இருக்கிறது. படிப்புக் கட்டணம், புத்தகச் செலவு எல்லாம் அடங்கும். படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஆறு மாதமாவது அந்தப் பகுதியில் வேலை செய்ய வேண்டும். எந்தப் பாடநெறி அதற்குள் வருகிறது என்பதை அரசின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குப் பெண்பிள்ளைகளை விட்டு, கடிதத்துக்குக் காத்திருந்த சனம்தானே நாங்கள். இப்போது வீடியோவில் முகம் பார்க்கலாம்.

எல்லா இடமும் இல்லையென்று சொல்லிவிட்டால், கையில் கொலீஜ் இடம் இருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் ஒரு வருட பிரீ-ஹெல்த் என்ற ஆயத்தப் படிப்பைச் செய்து, மார்க்கை உயர்த்தித் திரும்பப் போடலாம். நான் பிராக்டிக்கல் நேர்சிங்கையே எடுக்கச் சொல்வேன், ஏனென்றால் இரண்டு வருட முடிவில் கையில் தொழில் இருக்கும். தனியார் கொலீஜ் ஏஜென்ட் யாராவது "உடனே இடம் எடுத்துத் தாறன்" என்று வந்தால், அந்தப் பாடநெறி நேர்சஸ் கொலீஜ் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

எங்கே கிடைத்தாலும், ஓஃபர் வந்த பிறகு, வார்டுப் பயிற்சிக்குப் போகத் தாள் வேலை கனக்க இருக்கிறது. காத்திருக்கிற நேரத்தில் அதைத் தொடங்கலாம். ஊரிலிருந்து தடுப்பூசி அட்டையைக் கொண்டு வந்தீர்களா? இல்லையென்றால் அம்மாவிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொப்புளிப்பான் (சின்னம்மை) ஊசி ஊரில் பொதுத் திட்டத்தில் இல்லை, ஆகவே அதற்கு இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். காசநோய்க்கு முன்னங்கையில் சிறு ஊசி போட்டு, இரண்டு மூன்று நாளில் வீக்கத்தை அளப்பார்கள். பிறகு இடைவெளி விட்டு இன்னொருமுறை. ஊரில் பிறந்தவுடன் போடுகிற பீசீஜீ என்ற காசநோய்த் தடுப்பூசியாலோ வேறு காரணத்தாலோ எங்கட பிள்ளைகள் கனபேருக்கு அது தடித்துக்கொண்டு வரும். அதைக் கண்டு பிள்ளைக்குக் காசம் என்று ஒப்பாரி வைக்க வேண்டாம், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். பொலிஸ் சான்றிதழும் வேண்டும், கொலீஜ் அறிவித்தல் வந்த அன்றைக்கே விண்ணப்பியுங்கள், வாரக்கணக்கில் இழுக்கும்.

மாஸ்க் பரிசோதனையைப் பற்றி மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என்95 மாஸ்க்கைப் போட்டு, தலைக்கு மேலே ஒரு பொலித்தீன் கூடு மாதிரிக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்து ஒன்றை விசிறுவார்கள். தலையை இடம் வலம் திருப்பச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், ஒரு பந்தி ஆங்கிலம் வாசிக்கச் சொல்வார்கள். நாக்கில் கசப்புத் தெரிந்தால் அந்த மாஸ்க் முகத்துக்குப் பொருந்தவில்லை, வேறு அளவு தருவார்கள். முதல்முறை நான் இருமிய இருமலில் பரிசோதித்தவவே கூட்டைத் தூக்கிவிட்டா.

கடைசிக் கேள்வி, போன். நீங்கள் எடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தாய் தகப்பன் என்றாலும் பிள்ளையின் ஃபைலைப் பற்றிக் கதைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. மகளே எடுக்கட்டும், விண்ணப்ப இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "என் விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா, என்னிடமிருந்து ஏதாவது தாள் வரவேண்டியிருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதும். முடிவு எப்போது என்று கேட்டால் "மே கடைசிக்குள்" என்பார்கள். அதைக் கேட்க அவள் அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு லைனில் நிற்கத் தேவையில்லை.