கேள்வி – பதில்: இருட்டுக்குள் முதல் இரண்டு மணித்தியாலம்

இம்முறை வந்த கேள்விகள் கதையோடு செல்லும் திகில் கேம்கள் பற்றியவை, குறிப்பாக ‘சோமா’ பற்றியவை.

கேள்வி: ‘சோமா’ தொடங்கி முக்கால் மணித்தியாலமாகிறது. பயமே வரவில்லை. காசு வீணா? (பரந்தன்)

பதில்: வீணில்லை. சுவீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் 2015இல் வெளியிட்ட இந்தக் கேம் வேண்டுமென்றே மெதுவாகத்தான் தொடங்குகிறது. டொரொன்டோவில் ஒரு சாதாரண வீடு. கார் விபத்தில் மூளையில் அடிபட்ட சைமன் (நீங்கள் இயக்கும் ஆள்), ஸ்கேன் எடுக்கப் போகமுதல் குடிக்க வேண்டிய திரவத்தைத் தேடுகிறான். அந்த வீட்டைப் பாய்ந்து கடந்துவிடாதீர்கள். லாச்சிகளைத் திறந்து, கிடக்கும் கடிதங்களை வாசியுங்கள். பிறகு அவன் கண்விழிப்பது கடலடி நிலையம் ஒன்றில். அங்கே நொறுங்கிக் கிடக்கும் ஓர் இயந்திரம் தன்னை மனிதன் என்றே நம்பி, காயம்பட்டவன் போலக் கதைக்கிறது. நீங்கள் முன்னே போக மின்சாரத்தைத் திருப்ப வேண்டும். திருப்பும் வழியைப் பொறுத்து அது அலறும். பாய்ந்து வரும் உருவத்தைவிட இந்த இடம்தான் ஆளை உலுக்கும். இதைத் தாண்டியும் மனம் ஒட்டவில்லையென்றால் இது உங்களுக்கான கேம் அல்ல.

கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருக்கும்போது காசைத் திருப்பிக் கேட்கலாம். கேமைத் திறந்து விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரமும் கணக்கில் ஏறும்.

கேள்வி: ஹெட்போனில் இரைச்சலும் இசையும் கேட்கின்றன, ஆட்கள் கதைப்பது மட்டும் கேட்கவில்லை. கேமில் கோளாறா? (புதுக்குடியிருப்பு)

பதில்: அநேகமாக ஹெட்போன் முனைதான் காரணம். போன் ஹெட்போனின் முனையை நன்றாகப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் மைக்கும் சேர்ந்தது. பழைய கணினிகளின் துளை இரண்டு வளைய முனைக்கானது. அதில் இரு காதுக்கும் பொதுவான இணைப்பு சரியாகத் தொடாவிட்டால், இடம், வலம் இரண்டிலும் ஒரேமாதிரி வரும் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். வசனம் நடுவில் பதியப்படுவதால் அதுதான் முதலில் காணாமற்போகும். பக்கவாட்டில் உள்ள இரைச்சல் தப்பிவிடும். முனையை முழுக்க அழுத்துங்கள். சரிவராவிட்டால் அரை மில்லிமீற்றர் வெளியே இழுத்துப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, மைக்கையும் ஒலியையும் பிரிக்கும் சிறிய இணைப்பு வயர்.

புளூடூத் வேண்டாம். ஒலி பிந்தி வரும். அதோடு ஏதாவது செயலி மைக்கைத் திறந்தால் விண்டோஸ் தொலைபேசித் தர ஒலிக்கு மாறிவிடும், காலடி எந்தப் பக்கத்தில் என்றே தெரியாது. திகில் கேமில் பாதி விளையாட்டு காதில்தான் நடக்கிறது.

கேள்வி: ‘சோமா’வின் 25 ஜிபியை எங்கள் ஊர்ச் சிக்னலில் எப்படி இறக்குவது? (ஒட்டுசுட்டான்)

பதில்: விநாடிக்கு 5 மெகாபிட் கிடைத்தால் ஏறத்தாழ 11 மணித்தியாலம். ஸ்டீம் இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆகவே கரண்ட் போனாலும் பயமில்லை. ஆனால் வசதியானது ஜிஓஜி தளத்தில் வாங்குவது. அங்கே நிறுவும் கோப்புகளையே இறக்கிக்கொள்ளலாம். நல்ல இணைப்புள்ள உறவினர் வீட்டில், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ, உங்கள் கணக்கில் இறக்கி ஹார்ட்டிஸ்கில் கொண்டுவாருங்கள்.

கேள்வி: லப்டொப் சூடாகிப் படம் தடக்குகிறது. (மாங்குளம்)

பதில்: மெத்தையில் வைக்காதீர்கள், பின்பக்கத்தை ஒரு விரற்கடை உயர்த்துங்கள். நிழல் தரத்தைக் குறைத்து, திரையை 1280க்கு 720 ஆக்குங்கள். சார்ஜர் கழன்றிருந்தாலும் கிராபிக்ஸ் வேகம் தானாகக் குறையும். வெளிச்ச அளவை மட்டும் கூட்டாதீர்கள். பகல் வெயிலில் தெரியவில்லையென்று கூட்டினால் கறுப்பெல்லாம் சாம்பலாகிக் கேமே செத்துப்போகும். இரவில் விளையாடுங்கள்.

கேள்வி: கதவு திறக்குதில்லை! (முள்ளியவளை)

பதில்: ஒருதரம் அழுத்தினால் போதாது. இடது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மவுஸை இழுங்கள். மெல்ல இழுத்தால் ஒரு நீக்கல் வழியாக உள்ளே பார்க்கலாம். ஒளிந்து போவதற்கு இதுதான் வழி, ஏனென்றால் கையில் ஆயுதம் எதுவும் கிடையாது.

கேள்வி: திடீர்ச் சத்தம் கேட்டால் அம்மா இன்றும் நடுங்கிப்போவா. எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் கதை வேண்டும். (விசுவமடு)

பதில்: உங்கள் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்கினோம். அம்மா இருக்கும் நேரத்தில் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் மட்டும். திரை அவவின் பக்கம் திரும்பாதபடி வையுங்கள். உங்களுக்கு: 2017 டிசம்பரில் இந்தக் கேமுக்கு ‘பாதுகாப்பு முறை’ சேர்க்கப்பட்டது. உருவங்கள் வரும், ஆனால் உங்களைக் கொல்லா. கதை முழுவதும் அப்படியே கிடைக்கும். புதிதாகத் தொடங்கும்போதே அதைத் தெரிவுசெய்யுங்கள். முன்கூட்டியே அறிய வேண்டியவை: இறந்த உடல்கள், உலோகம் அதிரும் பேரொலி, அபாயச் சங்கு, அடைபட்ட இடம், நீர், தற்கொலை பற்றிய வெளிப்படையான பேச்சு. சிதைந்த உடல்களைத் தொட்டு அவர்களின் கடைசிக் கணங்களைக் கேட்கும் இடங்களும் உண்டு. அவற்றுள் பலவற்றைத் தொடாமலே கடக்கலாம். ஒலியை 40 வீதத்தில் வைத்து, சப்டைட்டிலைப் போட்டு, பக்கத்தில் ஒரு ஆளோடு தொடங்குங்கள். நெஞ்சு படபடத்தால் ‘எஸ்கேப்’ பொத்தானை அழுத்துங்கள். எல்லாம் அந்த இடத்திலேயே நிற்கும்.