தலைக்காயம்: ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வேறுபாடு? – கேள்வி பதில்

கே: தலையில் அடிபடுவது ஆண்களுக்குத்தானே அதிகம்?

ப: மொத்தத்தில் ஆமாம். வயது ஏற ஏற இடைவெளி சுருங்கும். கீழே விழுந்து அடிபட்டு வரும் வயதான பெண்கள் ஏராளம்.

கே: மகள் கால்பந்து ஆடுகிறாள். பையன்களைவிட அவளுக்கு ஆபத்து அதிகமா?

ப: ஒரே விதிகளில் இருபாலரும் ஆடும் கால்பந்து, கூடைப்பந்தில் மூளை அதிர்ச்சி (அடிபட்டு மூளை குலுங்கும் கன்கஷன்) பெண்களுக்கே அதிகம் பதிவாகிறது. கழுத்து வலு ஒரு காரணம். கழுத்துத் தசை தாங்காவிட்டால் அதே இடிக்குத் தலை இன்னும் வேகமாக வெட்டித் திரும்பும். நரம்பணுவிலிருந்து நீண்டு செய்தி கடத்தும் நரம்பிழையிலும் வேறுபாடு இருக்கலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பெண் நரம்பணுக்களின் இழைகள் மெலிந்தும், உள்ளே இழையைத் தாங்கும் நுண்குழாய்கள் குறைந்தும் இருந்தன. ஒரே அளவு இழுத்தும் அவைதான் அதிகம் சிதைந்தன. ஆய்வகத்தில் வளர்த்த அணுக்கள் அவை. அதை வைத்து மட்டும் முடிவுகட்ட வேண்டாம். கழுத்துப் பயிற்சி கொடுங்கள். அடிபட்ட அன்று மறுபடி களத்தில் இறக்காதீர்கள்.

கே: ஸ்கேன் நார்மல். ஆனால் ஒரு மாதமாகத் தலைவலி, வெளிச்சம் கூசுகிறது.

ப: சி.டி. ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். இழை அளவில் ஏற்பட்ட காயம் அதில் தெரியாது. நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

கே: பெண்கள் சின்ன வலியையும் பெரிதாகச் சொல்வார்கள். பெண்களின் மூளை அதிர்ச்சிக் கணக்கு ஏறுவது அதனால்தான்.

ப: ஆண்கள் மறைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆட்டத்தை விட்டு வெளியேற்றிவிடுவார்களே என்று வாய் திறக்காத வீரர்கள் எத்தனையோ பேர்.

கே: அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

ப: இல்லை. 2021-ல் வெளிவந்த டிராக்-டிபிஐ என்ற அமெரிக்கத் தலைக்காய ஆய்வில் லேசான தலைக்காயம் பட்டவர்களோடு, கை கால் போன்ற இடங்களில் காயம் பட்டவர்களையும் வைத்து ஒப்பிட்டார்கள். தலைக்காயத்துக்குப் பின் பெண்களுக்கே தொல்லை அதிகம் நீடித்தது. மற்றக் காயங்களில் ஆண் பெண் வேறுபாடு தெரியவில்லை. மிகைப்படுத்துவது பெண்களின் குணம் என்றால் அங்கேயும் தெரிந்திருக்க வேண்டுமே? இந்தப் பேச்சை மற்றவர்கள் நம்புவதால்தான் பெண்கள் பலர் சிகிச்சை கிடைக்காமல் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

கே: புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் கொடுத்தால் தலைக்காயம் குணமாகுமா?

ப: ஆகாது. 2014-ல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளிலும் பலன் இல்லை.

கே: எனக்கும் ஸ்கேன் நார்மல்தான், ஆனால்...

ப: ஸ்கேன் பற்றி மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: கணவர் தலையில் அடித்தார், கழுத்தை நெரித்தார். மயக்கம் வரவில்லை. டாக்டரிடம் போகணுமா?

ப: இன்றே போங்கள், அம்மா. மயங்காமலும் மூளையில் அடிபடும். கழுத்தை நெரித்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியலாம். பாதிப்பு சில நாள் கழித்தும் தெரியலாம். நெரித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பது அரிது. திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அவசரப் பிரிவுதான். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.