இல்லங்கள் போட்டி முடிந்ததும் உறங்கிவிடக் கூடாது

வணக்கம் ஆசிரியரே. கல்முனைப் பக்கத்தில் உள்ள உங்கள் பாடசாலையில் மாணவர்களை இல்லங்களாக, அதாவது குழுக்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் அந்த இல்லங்களே மறந்துபோகின்றன, தரம் 9 மாணவர்கள் யாருக்கும் அடங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மட்டக்களப்பில் நெடுங்காலம் இல்லப் பொறுப்பாசிரியராக இருந்தவன் நான். இந்த வேதனை எனக்கும் தெரியும்.

ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் மட்டுமா புள்ளி? நேரத்துக்கு வருதல், வகுப்பறைத் துப்புரவு, தமிழ்த்தினப் போட்டி எல்லாவற்றுக்கும் கொடுங்கள். திங்கள் காலைக்கூட்டத்தில் கூட்டுத்தொகையை வாசியுங்கள். ஆனால் ஒருவன் செய்த தவறுக்காக இல்லத்தின் புள்ளியைக் குறைக்கவே வேண்டாம். நாங்கள் ஒரு தவணை அப்படிச் செய்தோம். சொந்த இல்லத்தாரே அந்தப் பிள்ளையை ஒதுக்கினார்கள், அவன் வரவே குறைந்துவிட்டது. இன்றும் மனம் வலிக்கிறது.

பலன் தந்தது வேறொன்று. அடங்காத தரம் 9 மாணவர் ஒவ்வொருவரிடமும் அதே இல்லத்துத் தரம் 6 பிள்ளைகள் இருவரை ஒப்படைத்தோம். வாசிக்க உதவ வேண்டும், இடைவேளையில் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சின்னவர்கள் "அண்ணா" என்று பின்னால் வரத் தொடங்கியதும் பெரியவர்களின் நடையே மாறியது.

உடன்பிறந்தவர்களை ஒரே இல்லத்தில் சேருங்கள். இல்லத்துக்குப் பெயர் தந்தவர் யாரென்றும் சொல்லிக்கொடுங்கள். 1892 இல் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் சுவாமி விபுலானந்தர் உங்களுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார்! அடுத்த தவணைக்கு முன்பே அதிபரிடம் பேசிவிடுங்கள்.