கடைசி ஆட்டம் யாருக்காக?

வணக்கம் ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட்டின் கடைசி ஆட்டம் நமக்கு 2016 சித்திரை முதல் நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. சாமி கும்பிட வரச்சொல்லி அம்மா அழைத்துக்கொண்டே இருந்தார், நான் டிவி முன்னாலிருந்து நகரவில்லை. கோபி என்றதும் நம்மூர்ப் பையன் என்று நினைத்துப் பாட்டியும் கூடவே பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் நான் அழுதுவிட்டேன். "நீ ஒருவன் இருப்பதே அவனுக்குத் தெரியாது, உனக்கு எதற்கு அழுகை?" என்று என் அண்ணன் இன்றும் கேலி செய்கிறான். யோசித்தால் அதே ஆண்டு விலகிய சான் அன்டோனியோ வீரர் டிம் டங்கன் போல ஆரவாரம் இல்லாமல் விலகுவதே கௌரவம் என்று எனக்கும் தோன்றுகிறது.

இப்போது கேட்கக் காரணம் உண்டு. எங்கள் கோர்ட்டில் வெகுகாலமாக ஆடிவரும் மூத்தவர் ஒருவர், ரயில்வே ஊழியர், முழங்கால் வலியால் ஆட்டத்தை நிறுத்தப் போகிறார். சிறிய விழா எடுக்கிறோம் என்றால், "அதெல்லாம் வேண்டாம் தம்பி, நான் என்ன பெரிய ஆளா?" என்கிறார். அவர் சொல்வதுபோல் விட்டுவிடலாமா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

தேர்வடம் பிடிப்பவனிடம், சாமிக்கு உன்னைத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் அண்ணனுக்கு இந்தப் பதில் போதும்.

நீங்கள் பார்த்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கூடைப்பந்து என்ற அளவில் அது சுமாரான ஆட்டம். கோபியின் அணியான லேக்கர்ஸ் அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் வென்றது 17 மட்டுமே, அந்த அணியின் வரலாற்றிலேயே மோசமான கணக்கு. எதிரே ஆடிய யூட்டா ஜாஸ் அணிக்கும் அடுத்த சுற்றுக்கான வாய்ப்பு அன்றே பறிபோயிருந்தது. 37 வயது கோபியின் முதல் ஐந்து ஷாட்டும் தவறின. மொத்தம் 50 முறை எறிந்தார், 22 விழுந்தன. வேறொரு நாளாக இருந்தால் எந்தப் பயிற்சியாளரும் அவரை உட்காரவைத்திருப்பார். அன்றோ சக ஆட்டக்காரர்கள் பந்தைத் தேடித்தேடி அவரிடமே கொடுத்தார்கள். அரங்கம் கேட்டது அதைத்தான். கடைசிக் கால் பகுதியில் ஜாஸ் அணி முழுதும் சேர்ந்து எடுத்தது 21 புள்ளி, அவர் ஒருவர் எடுத்தது 23. முடிய அரை நிமிடம் இருக்கும்போது அவர் எறிந்த பந்து லேக்கர்ஸுக்கு 97-96 என்று முன்னிலை தந்தது. பிறகு இரண்டு ஃப்ரீ த்ரோ, 60 புள்ளி.

எனக்குப் பிடித்தது அதற்கும் அடுத்த நொடிகள். பந்தை யாருக்கும் தரமாட்டார் என்று இருபது பருவங்களாகப் பேர் வாங்கிய மனிதர், கைக்கு வந்த பந்தை முன்னால் ஓடிய ஜோர்டன் கிளார்க்சனுக்கு நீளமாக வீசினார். கிளார்க்சன் அதை வளையத்தில் செருக, ஆட்டம் 101-96 என்று முடிந்தது.

இத்தகைய விழாக்களில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 2003-இல் கோபிமீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு வந்தது. குற்றவியல் வழக்கு 2004-இல் கைவிடப்பட்டது, சிவில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மாலை விழும் கழுத்துக்கு மேலே முகம் தெரியாமல் போய்விடக் கூடாது. ரசிகன் அதையும் அறிந்துகொண்டே அழட்டும்.

இனி டங்கன். 19 பருவங்கள் ஒரே அணி, ஐந்து கோப்பைகள். 2016 ஜூலையில் ஓர் அறிக்கையோடு விலகிவிட்டார். அந்த மே மாதம் அவர் ஓக்லஹோமாவில் ஆடியதுதான் கடைசி ஆட்டம் என்பது அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. கௌரவம் அவருக்குக் கிடைத்தது, சரி. அவரைப் பார்த்தே வளர்ந்த சான் அன்டோனியோ பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? டிசம்பரில் அவருடைய 21-ஆம் எண் சட்டையை, இனி அந்த எண் வேறு யாருக்கும் இல்லை என்ற மரியாதையாக, அரங்கக் கூரையில் ஏற்றும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மௌனமாக விலகுவதெல்லாம் அடக்கமும் அல்ல. கறுப்பின வீரரான பில் ரஸ்ஸல் 13 பருவங்களில் பாஸ்டன் அணிக்கு 11 கோப்பைகள் வாங்கிக்கொடுத்தவர். 1972-இல் அவருடைய சட்டையை ஏற்றும் சடங்கு, ரசிகர்களுக்குக் கதவு திறக்கும் முன்பே, பழைய சக ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு முடிந்தது. அவர் அப்படித்தான் வேண்டும் என்றார். பாஸ்டனை அடுத்த ரீடிங்கில் இருந்த அவர் வீட்டுக்குள் முன்பு சிலர் புகுந்து, சுவரெல்லாம் இனவெறி வசவுகளை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரின் கைதட்டல் அவருக்கு எதற்கு? 27 ஆண்டுகள் கழித்து, 1999-இல்தான் கூட்டத்தின் முன்னால் அந்தச் சடங்கைத் திரும்பச் செய்யச் சம்மதித்தார். அரங்கம் எழுந்து நின்று விடாமல் கைதட்டியது. அவர் கண் கலங்கினார்.

ஆகவே உங்கள் மூத்தவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். கூச்சம் என்றால் அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. மனவருத்தம் என்றால் கேட்டே ஆக வேண்டும். நம் பக்கத்தில் ஆடியவர்களுக்கு அதற்குக் காரணமா இல்லை? மாவட்ட அணித் தேர்வில் விடுபட்டது, கைக்காசு போட்டு பஸ் ஏறி ஆடப் போனது, காயம்பட்டபோது ஒருவரும் எட்டிப்பார்க்காதது. அப்படி ஏதாவது இருந்தால் சால்வையோடு போய் நிற்காதீர்கள், உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பெரும்பாலும் கூச்சமாகத்தான் இருக்கும். இங்கே யாருக்கும் கடைசி ஆட்டம் என்று ஒரு தேதி குறிப்பதில்லை. இடமாற்றல் வரும், முழங்கால் போகும், பெண்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகும், அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர், 2000 முதல் 2017 வரை நாட்டுக்காக ஆடியவர், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் இந்தியாவுக்காகக் கடைசியாக எந்த அணியை எதிர்த்து ஆடினார் என்று உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோபியின் 60 எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும்.

விழாவை எப்படிச் செய்வது என்றும் சொல்கிறேன். ஜெர்மானியரான டிர்க் நோவிட்ஸ்கி 21 பருவங்கள் டல்லாஸ் அணிக்கு மட்டுமே ஆடியவர். 2019 ஏப்ரலில் அவருடைய கடைசி ஆட்டம் டல்லாஸில் நடக்கவில்லை, அதே டெக்சாஸ் மாநிலத்துப் பரம எதிரியான சான் அன்டோனியோவில் நடந்தது. அங்கேயும் அவருக்காக ஒரு காணொளி தயாரித்துத் திரையில் ஓட்டினார்கள். தங்களைத் தோற்கடித்தவனுக்காக அந்த ஊர் எழுந்து நின்றது, மனிதர் அழுதுவிட்டார். சொந்த ஊர் கைதட்டுவதில் பாதி பாசம். எதிரி கைதட்டினால் அதில் கலப்படம் கிடையாது.

அதனால் மேடை, மைக், பிரமுகர் எதுவும் வேண்டாம். பிரமுகர் வந்தால் அவர் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிடும். உங்கள் மூத்தவரிடம் அதிகம் தோற்ற அணி எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை ஒரு முழு ஆட்டத்துக்கு அழையுங்கள். விட்டுக்கொடுத்து ஆட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், முழங்கால் தாங்கும்வரை அவர் ஆடட்டும். வெளியே வரும்போது முதலில் கைகொடுக்க வேண்டியது அந்த அணியினர், உங்கள் ஆட்கள் இல்லை.

தேதி முடிவானதும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்துவிடுவேன். கோடை விழா சமயமாக மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்த நாட்களில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார்கள் வரிசையில் நிற்கும், நான் வந்து சேரும்போது ஆட்டம் முடிந்திருக்கும்.

அன்புடன்.