ஏடிஆர் பயிற்சிக்குப் போகும் முன்: கேப்டன் அக்காவிடம் கேட்டவை

பெங்களூரு எலஹங்காவில் இருக்கிறேன். ஏடிஆர் 72 என்ற இரட்டை ப்ரொப்பெல்லர் பயணிகள் விமானத்தில் துணை விமானியாகத் தொடங்கி இப்போது கேப்டன். புதிதாக வேலைக்குச் சேரப்போகும் நம் பிள்ளைகள் பயிற்சி பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு மொத்தமாக உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

அல்சூரிலிருந்து ஒரு தம்பி: அக்கா, 200 மணி நேரம் பறந்து முடித்து சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். எதிலிருந்து தொடங்கட்டும்?

முதலில் ஒன்று செய்யாதே. இணையத்தில் கிடைக்கிற ஏடிஆர் மேனுவலை இறக்கி உருப்போடாதே. அது வேறு ஏதோ கம்பெனியின் பழைய பதிப்பாக இருக்கும். காக்பிட்டில் இருவரும் உரக்கச் சொல்லும் கால்அவுட்டில் ஒரு சொல் மாறினாலும் தப்புதான். ஒருமுறை நாக்கில் ஏறியதை இறக்குவது பெரும்பாடு. கம்பெனி மேனுவல் கைக்கு வரும்வரை வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் பறத்தலைத் தூசி தட்டு. ஹோல்டிங் (காத்திருந்து வட்டமடிப்பது), ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டலில் இறங்குவது), மிஸ்டு அப்ரோச் (இறங்காமல் மேலே திரும்புவது). வீட்டுக் கணினியில் ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டினாலும் கண்ணுக்குப் பழைய பழக்கம் திரும்பும். மேனுவல் வந்ததும் லிமிட்டேஷன் (விமானத்தின் வரம்புகள்), மெமரி ஐட்டம் (அவசரத்தில் புத்தகம் பார்க்காமல் செய்பவை), ஃப்ளோ (கை போகவேண்டிய வரிசை), கால்அவுட் நாலும் முதலில். ஹைட்ராலிக் எந்தக் குழாயில் ஓடுகிறது என்பதை கிரவுண்ட் ஸ்கூலில் நிதானமாகச் சொல்லித் தருவார்கள்.

ஹெப்பாலிலிருந்து ஒரு தங்கை: ஃப்ளோவைப் படித்தால் புரிகிறது, மறுநாள் மறந்துபோகிறது.

படித்தால் மறக்கத்தான் செய்யும். கையால் செய். காக்பிட் படத்தை நிஜ அளவில் அச்சடித்து ஒட்டு. எங்கள் வீட்டில் அது சமையலறை அலமாரிக் கதவில் இருந்தது. முன்னால் ஒரு ஸ்டூல், அதன்மேல் இரண்டு தோசைக் கரண்டி பவர் லீவர், இரண்டு சாதக் கரண்டி கண்டிஷன் லீவர். அம்மா குக்கரைப் பார்த்துக்கொண்டே செக்லிஸ்ட் வாசிப்பார். "கியர்?" என்பார், அதாவது இறங்கும் சக்கரங்கள். "டவுன், த்ரீ கிரீன்" என்று நான் அவசரமாகச் சொன்னால், "படத்தைப் பாக்காமலே சொல்றியே" என்று திரும்ப வாசிப்பார். அம்மாவுக்கு விமானம் தெரியாது. என் கண் எங்கே போகிறது என்பது நன்றாகத் தெரிந்தது.

கே.ஆர். புரத்திலிருந்து: செஸ்னாவில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். ஏடிஆரில் எது புதிதாக இருக்கும்?

எடை 23 டன் வரை போகும், அதற்குப் பழகிவிடலாம். பவர் லீவர் தவிர ப்ரொப்பெல்லருக்கும் எரிபொருளுக்கும் கண்டிஷன் லீவர் என்று தனியாக இருப்பது புதிது. தரையில் மின்சாரம் தரும் சிறு துணை இன்ஜினான ஏபியு கிடையாது. தரையில் நிற்கும்போது வலது இன்ஜினை ஓடவிட்டு, அதன் ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, மின்சாரமும் ஏசியும் எடுப்போம். பெயரே ஹோட்டல் மோட்! டேக்ஆஃபில் ஒரு இன்ஜின் போனால், மற்றதன் சக்தி தானாகக் கூடும். செத்த பக்கத்து ப்ரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆகும், அதாவது அதன் இலைகள் காற்றைத் தடுக்காதபடி திரும்பிவிடும். உன் வேலை காலால் ரடரை மிதித்து நேராக வைத்திருப்பது. அந்தச் சில நொடிகளில் கை எதையும் தேடக்கூடாது.

மாரத்தஹள்ளியிலிருந்து: மெமரி ஐட்டம் தலைகீழாகத் தெரியும். எவ்வளவு வேகமாகச் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 2015 பிப்ரவரி 4, தைபே. டிரான்ஸ்ஏசியா ஏடிஆர் 72-600 கிளம்பியதும் இரண்டாம் இன்ஜினின் ப்ரொப்பெல்லர் ஃபெதர் ஆனது. அணைக்கப்பட்டதோ நன்றாக ஓடிய ஒன்றாம் இன்ஜின். 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15, நேபாளத்தின் போக்கரா. எட்டி ஏர்லைன்ஸ் ஏடிஆர் 72-500 இறங்கும் நேரம், ஓட்டுபவர் ஃப்ளாப்ஸ் 30 (இறக்கையின் பின்மடல்களை இறக்கும் அளவு) கேட்டார். பக்கத்து இருக்கையிலிருந்து ஃப்ளாப்ஸ் 30 என்றே பதிலும் வந்தது. ஆனால் நகர்ந்தது ஃப்ளாப் லீவர் அல்ல, பக்கத்திலிருந்த கண்டிஷன் லீவர்கள். இரண்டு ப்ரொப்பெல்லரும் ஃபெதர் ஆகி, உந்துவிசை இல்லாமல் போய், 72 பேரும் போனார்கள். அங்கே இருந்தவர்கள் அனுபவசாலிகள்.

என் கதையும் கேள். சிமுலேட்டரில் இன்ஜின் தீ மணி அடித்ததும் சரியான லீவரை, சரியான பக்கத்தில், மின்னல் வேகத்தில் இழுத்தேன். பயிற்றுநர் திரையை உறையவைத்துவிட்டு, "யாரைக் கேட்டு இழுத்தாய்?" என்றார். பக்கத்தில் இருந்தவன் வாயைத் திறக்கவே நான் நேரம் கொடுக்கவில்லை. சரியாகச் செய்தும் அந்த செஷன் எனக்குப் போச்சு. லீவர்மேல் கை வை, பெயரைச் சொல், மற்றவர் பார்த்து "கன்ஃபர்ம்" என்ற பிறகு நகர்த்து. வீட்டில் கரண்டியிலும் இப்படியே பழகு.

மைசூர் ரோட்டிலிருந்து: சளிக்கு இருமல் டானிக் குடிக்கலாமா?

ட்யூட்டிக்கு முன் ஆல்கஹால் சோதனை உண்டு, அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த மருந்து, மவுத்வாஷ் எல்லாவற்றுக்கும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ தடை போட்டிருக்கிறது. கம்பெனி டாக்டரைக் கேள்.

இந்திராநகரிலிருந்து: எங்கள் சித்தி "காத்தாடி பிளேனா?" என்று சிரிக்கிறார். ஜெட்டுக்குக் காத்திருக்கட்டுமா?

சித்தி சிரிக்கட்டும், நீ சேர். ஒரே நாளில் நாலு முறை ஏறி இறங்குவாய். பெங்களூரு ரன்வே 4,000 மீட்டர். லட்சத்தீவின் அகத்தி தீவில் சுமார் 1,200. அங்கே இறங்கும் ஏடிஆர் கேப்டனிடம் போய்ச் சித்தி சொன்னதைச் சொல்லிப் பார்!

எலஹங்காவிலிருந்து ஓர் அம்மா: பையனுக்கு சிமுலேட்டர் ராத்திரி 2 மணிக்காம். பகலிலும் தூங்காமல் படிக்கிறான். நான் என்ன செய்ய?

சிமுலேட்டர் கிடைக்கிற நேரம்தான் நேரம், அதை மாற்ற முடியாது. சாயங்காலம் அறையை இருட்டாக்கி நாலு மணி நேரமாவது படுக்கச் சொல்லுங்கள். அன்று புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். எழுந்ததும் ஒரே ஒரு முறை செக்லிஸ்ட்டை நீங்கள் வாசியுங்கள், அவன் பதில் சொல்லட்டும். நடுவில் ஒரு வரியை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். அவன் உங்களை நிறுத்துகிறானா பாருங்கள்.