நீடாமங்கலத்திலிருந்து சந்தக்பூ: மூச்சுக்கு நாள் வேண்டும், தொடைக்கு இறக்கம் வேண்டும்

கேள்வி: எனக்கு 43 வயது. அரசுப் பள்ளி ஆசிரியை. நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம். நான்கு வருடமாக ஓடுகிறேன், இரண்டு முழு மாரத்தான் முடித்திருக்கிறேன். தோழிகள் நான்கு பேர் சேர்ந்து அக்டோபர் நடுவில் மேற்கு வங்கத்தின் சிங்கலிலா மலைத்தொடரில் ஐந்து நாள் ஓட்டம் போகத் திட்டமிட்டிருக்கிறோம். முதல் நாளே அடிவாரத்து மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ உச்சி வரை ஏறிவிட்டு, அப்புறம் ஃபாலுத், கோர்க்கே வழியாக ரிம்பிக்கில் இறங்குவதாக யோசனை. எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றுக்கரைதான். மலைக்காற்றுக்குப் பழக்கும் மாஸ்க் என்று ஒன்று விற்கிறார்கள், வாங்கலாமா? தினமும் பிராணாயாமம் செய்கிறேனே, அது போதாதா? உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் மலைநோயைத் தடுக்கும் டையமாக்ஸ் மாத்திரை கட்டாயமா? எல்லாம் சேர்த்து 9 நாள்தான் லீவு.

பதில்: டீச்சர், மாஸ்க் வேண்டாம். அந்தக் காசில் நல்ல ரெயின்கோட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்றில் ஆக்சிஜன் நீடாமங்கலத்திலும் 21 சதவீதம்தான், சந்தக்பூவிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 3,636 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடும். அதனால் அதே மூச்சை இழுத்தாலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைவு. மாஸ்க் அழுத்தத்தைக் குறைப்பதில்லை, மூச்சு இழுப்பதைச் சிரமமாக்குகிறது, அவ்வளவுதான். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு ஓடுவதற்குக் காசு கொடுப்பானேன்?

பிராணாயாமத்தை நிறுத்தாதீர்கள். மெதுவாக, ஆழமாக மூச்சுவிடும்போது அந்த நேரத்துக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கொஞ்சம் ஏறும். உயரத்தில் தூங்கும்போது மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாக வாங்கும். நடுராத்திரி திடுக்கிட்டு விழிப்பீர்கள். அது அங்கே சகஜம் என்று தெரிந்து, பதறாமல் உட்கார்ந்து மூச்சை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர்களுக்கு அந்த இரவு சுலபமாகக் கழியும். ஆனால் உடம்பு உயரத்துக்குப் பழகுவது வேறு சமாச்சாரம். அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்ய முடியாது.

உயரம் போனதும் நீங்கள் கேட்காமலேயே மூச்சு வேகமாகிறது. அப்படி வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. உடனே மூளை, 'போதும், மூச்சைக் குறை' என்கிறது. இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட்டைச் சிறுநீரில் தள்ளி ரத்தத்தைச் சமன்செய்கிறது. அதனால்தான் உயரத்தில் அடிக்கடி சிறுநீர் வரும். பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது என்று அர்த்தம். இந்த வேலைக்குச் சில நாட்கள் பிடிக்கும். சிவப்பணுக்கள் கூடுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். நுரையீரலையோ சிறுநீரகத்தையோ அவசரப்படுத்த முடியாது, நாட்களைத்தான் கொடுக்க முடியும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகிய உங்களுக்குப் பொறுமையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது உங்கள் முதல் நாள் திட்டத்தை. மானேபஞ்சாங் சுமார் 2,150 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் சந்தக்பூ என்றால் முப்பது கிலோமீட்டர் ஓடி, ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏறி, ஏறிய களைப்போடு அங்கேயே படுக்கிறீர்கள். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டினால் படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். கவனியுங்கள், பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட ராத்திரி எங்கே தலை சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு.

நான் போடும் திட்டம் இப்படி. முதல் நாள் திருச்சியிலிருந்து சென்னை வழியாக பாக்டோக்ரா விமானம், அங்கிருந்து ஜீப்பில் டார்ஜிலிங் அல்லது மானேபஞ்சாங். இரண்டாம் நாள் அங்கேயே காலாற நடங்கள், ஓடாதீர்கள். மூன்றாம் நாள் தும்லிங், சுமார் 2,970 மீட்டர். நான்காம் நாள் காலிபொக்ரி, சுமார் 3,190. இது வேண்டுமென்றே குட்டி நாள். மதியமே போய்ச் சேர்ந்து ஊருக்குப் பெயர் தந்த கறுப்புக் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள், கால் துறுதுறுக்கும், விடாதீர்கள். ஐந்தாம் நாள் பிகேபஞ்சாங் வழியாகச் செங்குத்தாக ஏறினால் சந்தக்பூ. வழியில் அழகாக நீலப் பூ தெரிந்தால் பறிக்காதீர்கள். பிகேபஞ்சாங் என்ற பெயருக்கே 'விஷப் பள்ளத்தாக்கு' என்றுதான் பொருள், அங்கே முளைக்கும் வத்சநாபிச் செடியால் வந்த பெயர். தலைவலி இல்லாவிட்டால் அன்றே இன்னும் 21 கிலோமீட்டர் முகட்டோடு ஃபாலுத் போகலாம், உயரம் ஏறக்குறைய அதேதான். ஆறாம் நாள் கோர்க்கே, ஏழாம் நாள் ரிம்பிக், மீதி இரண்டு நாள் வீடு வந்து சேர. ஒன்பது நாளும் சரியாகப் போய்விட்டது. மழைக்கோ ரத்தான விமானத்துக்கோ ஒரு நாள்கூட மிச்சமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தலைமை ஆசிரியரிடம் இன்னொரு நாள் கேட்டுப் பாருங்கள். ரயிலில் போவதாக இருந்தால் இந்தக் கணக்கு ஒத்தே வராது.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். என்னிடம் மலை ஓட்டத்துக்கு யோசனை கேட்டு வரும் தஞ்சை, திருவாரூர்க்காரர்கள் எல்லோருமே அதைத்தான் கேட்கிறார்கள். ஏற்றத்தில் நீங்கள் ஓடப்போவதே இல்லை. நடப்பீர்கள், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். அதற்கு உங்கள் மாரத்தான் உடம்பு போதும். சமவெளிக்காரரைக் கவிழ்ப்பது இறக்கம். ஃபாலுத்திலிருந்து கோர்க்கேக்கு ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே இறுகி, பிரேக் போலப் பிடிக்க வேண்டும். வெண்ணாற்றுக் கரையில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் அந்தத் தசைக்கு இந்த வேலை பழகாது. பழகாத தசை நுணுக்கமாகக் கிழியும். வலி அன்றைக்குத் தெரியாது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சம். ஒருநாள் பந்தயம் என்றால் வீட்டுக்கு வந்து படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்கிச் சமாளிக்கலாம். ஐந்து நாள் ஓட்டத்தில் அந்த அடுத்த நாளும் ஓட வேண்டுமே!

நல்ல செய்தியும் உண்டு. இந்தத் தசைக்கு ஞாபகம் அதிகம். ஒருமுறை நன்றாக இறங்கி வலி கண்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்யாது. இதை வைத்துத்தான் பயிற்சியைத் திட்டமிட வேண்டும்.

உங்கள் பள்ளியின் மாடிப்படி இருக்கிறதே, அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மாடி என்றால் சுமார் 7 மீட்டர். ஆயிரம் மீட்டர் இறங்க 140 தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும், பைத்தியம் பிடித்துவிடும். அதனால் வாரம் இரண்டு நாள், 20 தடவை, மேலே ஏறும்போது நிதானமாக, இறங்கும்போது முழங்காலை மடக்கி, சத்தம் வராமல். தடதடவென்று சத்தம் வந்தால் தசை வேலை செய்யவில்லை, மூட்டு வாங்குகிறது என்று பொருள். சுவாமிமலைக்குப் போய் ஓடலாமா என்று ஒருவர் கேட்டார். அறுபது தமிழ் வருடங்களுக்கு அறுபது படி. சாமி கும்பிட மட்டும் போங்கள்.

உண்மையான பயிற்சிக்கு கொல்லிமலைதான் நமக்குச் சரி. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். காலையில் கூட்டம் வருமுன் ஒருமுறை இறங்கி ஏறுங்கள், ஓய்வெடுத்து இன்னொருமுறை. மறுநாள் அந்த 70 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் ஒரு பகுதியை மெதுவாக இறங்கி ஓடுங்கள், வண்டிகளுக்கு எதிர்ப்பக்கமாக, வளைவில் நடந்து. இப்போது ஜூன். ஜூலையில் ஒரு சனி ஞாயிறு, ஆகஸ்டில் ஒன்று, கடைசியாக செப்டம்பர் கடைசி வாரம் ஒன்று. அதற்குப் பிறகு கடினமான இறக்கம் வேண்டாம், தசை ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

ஊரில் உங்களுக்குச் சும்மா கிடைக்கிற பொருள் ஒன்று இருக்கிறது, வரப்பு. குறுகலாக, மேடுபள்ளமாக, ஒரு பக்கம் சரிந்து கிடக்கும் வரப்பில் வாரம் ஒருநாள் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். மலைப்பாதையில் கணுக்கால் பிசகாமல் காப்பது இந்தப் பழக்கம்தான். வெளிச்சம் வந்த பிறகு போங்கள். குறுவை நேரம், பாம்பு இருக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் வரப்பு வழுக்கும், அதுவும் நல்லதுதான், ஈரப்பாதைக்கு ஒத்திகை.

மாதம் இருமுறை வெள்ளி மாலை, சனி காலை, ஞாயிறு காலை என்று மூன்று நாள் தொடர்ந்து ஓடுங்கள். தூரம் பெரிதாக வேண்டாம். களைத்த காலோடு எழுந்து ஷூ மாட்டுவதுதான் பாடம்.

அடுத்து ரத்தம். இந்த வாரமே ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருக்கும் பெண்களைத் தினம் பார்க்கிறேன். சேமிப்பில் இரும்பு இல்லாவிட்டால் உயரத்தில் புது ரத்தம் ஊறாது. குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையை இப்போதே தொடங்கினால்தான் அக்டோபருக்குள் நிரம்பும். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். காபியோடு போட்டால் பாதி வீண். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், கும்பகோணம் டிகிரி காபியாக இருந்தாலும்.

டையமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, மேலே சொன்ன சிறுநீரக வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது. காலிபொக்ரியில் ஒரு இரவு தங்கும் திட்டத்தில், முன்பு மலைநோய் வந்திராத ஒருவருக்கு அது கட்டாயமில்லை. உங்கள் தோழிகள் பிடிவாதமாக முதல் நாளே சந்தக்பூ என்றால் தேவைப்படும். வழக்கமான அளவு 125 மி.கி., தினம் இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கண்டிப்பாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்து ஊறும், சோடா சப்பென்றிருக்கும். வீட்டிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுங்கள், மலையில் புது அனுபவம் வேண்டாம். இன்னொன்று, கால்வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் ஓடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது மலைநோய்தான். வெயில், தூக்கமின்மை, காபி குடிக்காதது என்று சமாதானம் சொல்லாதீர்கள். நானே ஒருமுறை அப்படிச் சமாதானம் சொன்னவன்தான். பல வருடம் முன்பு லே விமான நிலையத்தில் காலையில் இறங்கினேன், சுமார் 3,250 மீட்டர், உடம்பு ஜம்மென்று இருந்தது. சாயங்காலமே ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். ராத்திரி வாந்தி, மண்டையைப் பிளக்கும் வலி, இரண்டு நாள் கம்பளிக்குள் கிடந்தேன். மருத்துவன் செய்கிற காரியமா அது!

தலைவலியோடு இருந்தால் மேலே ஏறக் கூடாது, அங்கேயே தங்க வேண்டும். கூடினால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரையோ ரத்தச் சாயலோ வந்தாலோ, நடை தள்ளாடினாலோ ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் இறக்குங்கள். தள்ளாட்டத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. குதிகாலை மறுகாலின் விரலில் ஒட்டி ஒட்டி, வரப்பில் நடப்பதுபோல நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். உங்களில் யாருக்கு அது முடியவில்லையோ அவருக்கு மூளையில் நீர் கோத்திருக்கலாம். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள், அந்த நேரத்தில் அவருக்கு அது தெரியாது. சந்தக்பூ வரை ஜீப் சாலை இருப்பதால்தான் முதல் மலைக்கு இந்த இடத்தைச் சரி என்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, தங்குமிடங்களில் சோறும் பருப்பும் கிடைக்கும். தண்ணீர் அங்கே 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேக நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பசி மந்தமாகும், ஆகவே மணி பார்த்துச் சாப்பிட வேண்டும். கடலை மிட்டாய், சத்துமாவு எடுத்துப் போங்கள். பொரிவிளங்காய் உருண்டையும் நல்லதுதான், ஆனால் அந்தக் குளிரில் அதைக் கடிப்பவர் பல் வைத்தியரையும் கூட்டிப்போவது நல்லது. டீயில் ஊறவைத்துத் தின்னுங்கள். பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையை வைத்துக்கொண்டு நடுங்க வைக்கும். வாக்காளர் அட்டை அவசியம் கையில் இருக்கட்டும், பாதை நேபாள எல்லைக்குள் போய்ப் போய் வருகிறது. வழிகாட்டி மானேபஞ்சாங்கிலேயே கிடைப்பார், கட்டாயமும்கூட.

கூடுதல் நாள் கிடைக்கவில்லை, வானமும் சரியில்லை என்றால் ஃபாலுத்தை விட்டுவிடுங்கள். சந்தக்பூவில் ஒரு இரவு தங்கி, குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு நேராக இறங்கிவிடலாம். ஒரு நாள் மிச்சமாகும். ஆனால் அந்த ஒரே இறக்கம் 1,500 மீட்டருக்கும் மேல். ஜூலை கொல்லிமலைப் பயணத்துக்கு இந்த வாரமே தோழிகளிடம் தேதி கேட்டுவிடுங்கள்.